வாடகை குறைவு, வழி தூரம்: குடிபெயரும் முன் ஒரு தாள் கணக்கு

(குடிமக்கள் சேவைகள் குறித்த விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே இருக்கிற பெரும்பாலானவங்க போன்ல வீடு தேடுற ஆப் ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் திறந்ததும் முதல்ல என்ன கேட்கும்? எந்த ஏரியா, எத்தனை பெட்ரூம், எவ்வளவு பட்ஜெட். இந்த மூன்றுக்கும் பதில் சொன்னதும் நூறு வீடு காட்டும். உங்க பொண்ணு எந்த வகுப்பு படிக்கிறா, உங்களுக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு, வீட்டில் வயசானவங்க இருக்காங்களா என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை நாமதான் நம்மைக் கேட்டுக்கணும். இன்றைக்கு நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

தகவல் துறையில் எழுதுவது என் வேலை. திட்டங்களைப் பற்றி தினமும் எழுதுகிறேன். ஆனால் இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டது எங்க அக்கா வீட்டில். அவங்க அனுமதியோடதான் சொல்றேன்.

அக்கா வீட்டுக் கதை

அக்கா குடும்பம் தஞ்சாவூர் பக்கம். அத்தானுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. காலை எட்டரை மணி ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. சென்னையில் எங்கே வீடு பார்ப்பது என்று பேச்சு வந்தபோது சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே குரலில், "கூடுவாஞ்சேரி பக்கம் பாருங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே இருக்கு. ஊருக்கு வர்றது சுலபம். வாடகையும் கம்மி" என்றாங்க.

வீடு நல்ல வீடு. இரண்டு பெட்ரூம், காற்றோட்டம், மாடியில் துணி காயப்போட இடம். வாடகை 9,000 ரூபாய். எல்லாருக்கும் பிடித்துப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாங்க, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தாங்க.

திங்கட்கிழமைதான் விஷயம் புரிந்தது. கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷன் வரணும். அங்கே இறங்கி ரோட்டைக் கடந்து சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போகணும். அங்கிருந்து ஆவடி பக்கம் போகிற ரயிலைப் பிடித்து பட்டரவாக்கத்தில் இறங்கணும். அப்புறம் கம்பெனி வரைக்கும் நடை. வீட்டு வாசலில் இருந்து கம்பெனி கேட் வரைக்கும் இரண்டு மணி நேரம். திரும்பி வர இன்னொரு இரண்டு மணி நேரம். காலையில் ஆறேகால் மணிக்குக் கிளம்பினா ராத்திரி எட்டு மணிக்கு வீடு. சின்னவன் அப்பாவை முழிச்சிருந்து பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் என்ற நிலைமை வந்துவிட்டது.

அக்கா பி.காம். படித்தவங்க. ஊரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தாங்க. இங்கே வந்தபிறகு வேலைக்குப் போக முடியவில்லை. காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளைப் பார்க்க இன்னொரு ஆள் வீட்டில் இல்லையே!

ஒரு நாள் அக்கா போன் பண்ணி, "நாம வருஷத்துக்கு ஆறு தடவை போற ஊருக்குப் பக்கமா வீடு பார்த்துட்டோம்டி. தினம் ரெண்டு தடவை போற வழியப் பத்தி யோசிக்கவே இல்ல" என்றாங்க. இந்த உரையில் வேறு எதையும் நீங்க ஞாபகம் வெச்சுக்காட்டாலும் பரவாயில்லை. அக்கா சொன்ன இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு மணி நேரம் 53 ரூபாய்

அன்றைக்கு ராத்திரி நாங்க இரண்டு பேரும் போனிலேயே ஒரு கணக்குப் போட்டோம். கொரட்டூரில் இதே மாதிரி வீடு 13,000 ரூபாய் என்று அத்தானோட நண்பர் சொல்லியிருந்தார். பட்டரவாக்கத்துக்கு முந்தின ஸ்டேஷன்தான் கொரட்டூர்.

வாடகையில் வித்தியாசம் 4,000 ரூபாய். இப்போ நேரத்தைப் பார்ப்போம். கூடுவாஞ்சேரியில் இருந்து தினமும் 4 மணி நேரம், மாதம் 25 நாள், மொத்தம் 100 மணி நேரம். கொரட்டூரில் இருந்து போக வர ஒரு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தாலும் 25 மணி நேரம். மிச்சம் 75 மணி நேரம். 4,000 ரூபாயை 75-ஆல் வகுத்தால் 53 ரூபாய் சொச்சம்.

அதாவது அத்தான் தன்னோட ஒரு மணி நேரத்தை 53 ரூபாய்க்கு விற்றுக்கொண்டு இருந்திருக்கார். அந்த 75 மணி நேரம் என்பது மாதத்தில் மூன்று முழு நாள், ராத்திரியும் சேர்த்து! இதில் அக்கா இழந்த சம்பளம் சேரவே இல்லை.

வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கு மாறும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போகிறவங்களுக்கு அதே கூடுவாஞ்சேரி அருமையான தேர்வாக இருக்கலாம். தாம்பரத்திலோ மறைமலைநகரிலோ வேலை செய்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தூரமான வீடு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வாடகையைப் பார்க்கிற அதே நேரத்தில் வழியையும் பார்க்கணும் என்றுதான் சொல்றேன்.

முதலில் பள்ளிக்கூடம்

வீடு மாற்றுவது அக்காவுக்கு இரண்டாவது தடவை. இந்தத் தடவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். முதல் வரியில் எழுதியது பள்ளிக்கூடம். வீட்டைப் பதினொரு மாதத்தில் மாற்றிவிடலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றினால் அதோட விளைவு பல வருஷம் கழித்தும் தெரியும்.

கூடுவாஞ்சேரியில் இருந்தபோது அக்கம்பக்கத்தில், "சென்னைக்கு வந்துட்டு இன்னும் கவர்ன்மென்ட் ஸ்கூலா? பிரைவேட்ல சேருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாங்க. கொரட்டூர் பக்கம் மாறும்போது அக்காவும் அரை மனசோட அதற்குத் தயாராகத்தான் இருந்தாங்க. பெரியவளோட தலைமை ஆசிரியையிடம் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இவ ஆறாம் வகுப்புல இருந்து அரசுப் பள்ளியிலதானே படிக்கிறா? ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சா என்ன கிடைக்கும்னு தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. தகவல் துறையில் இருக்கிற எனக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, வெட்கத்தோடதான் சொல்றேன். இங்கே இருக்கிற பெற்றோர் இதைக் குறித்துக்கோங்க.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் உண்டு. இடையில் இரண்டு வருஷம் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் போய்விட்டு மறுபடி அரசுப் பள்ளிக்கு வந்தால் அந்தத் தகுதி போய்விடும்.

அதே மாதிரி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம்.

இன்னொன்று, பயிற்று மொழி. மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருந்திருக்கணும். ஊர் மாறும்போது, "இங்கே இங்கிலீஷ் மீடியம் பக்கத்துல இருக்கு" என்று சேர்த்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆங்கில வழி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தெரிந்து முடிவு பண்ணுங்க. தெரியாமல் இழந்துடாதீங்க.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு நிலை வகுப்பில், அதாவது எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில், 25 சதவீத இடம் ஒதுக்கணும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. நலிந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்கணும். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் 1 கிலோமீட்டர் என்று கணக்கு. ஆகவே, பிள்ளையை அடுத்த வருஷம் எல்.கே.ஜி. சேர்க்கப் போறீங்க என்றால் நீங்க எந்தத் தெருவில் குடியிருக்கீங்க என்பதே தகுதியில் ஒரு பகுதி. இந்த இடத்தில் சேர்ந்த பிள்ளையை வேறு ஊருக்கு மாற்றினால் அங்கே நடு வகுப்பில் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அதையும் யோசித்துக்கோங்க.

வருஷத்துக்கு நடுவில் ஊர் மாறுகிறவங்களுக்குப் பெரிய பயம் டி.சி. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் ஆகிறது என்ற காரணத்துக்காக அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பள்ளிக் கல்வி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணில் கேட்கலாம்.

பள்ளியைப் பார்க்க மதியம் போகாதீங்க. காலை மணி அடிக்கிற நேரத்தில் வாசலில் நில்லுங்க. பிள்ளைகள் எப்படி வர்றாங்க, எந்த ரோட்டைக் கடக்கறாங்க, போக்குவரத்துக் காவலர் இருக்காரா என்று பாருங்க. அக்கா முதலில் பார்த்த பள்ளிக்கு ஒரு பெரிய ரோட்டைக் கடக்கணும். இரண்டாவது பார்த்தது ஐந்து நிமிஷம் கூடுதல் நடை, ஆனால் தெருக்களுக்குள்ளேயே போய்விடலாம். அதையே எடுத்தாங்க. சின்னவனுக்கு அரசு தொடக்கப் பள்ளியில் காலை உணவு கிடைப்பதால் காலை நேரப் பரபரப்பும் பாதி குறைந்தது.

அடுத்து வீடு: வாடகைக்குப் பின்னாடி இருக்கிற செலவு

வாடகை 13,000 என்றால் மாதச் செலவு 13,000 இல்லை. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், கரண்ட், வண்டி நிறுத்த இடம் எல்லாம் தனி. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இதைக் கேளுங்க.

கரண்ட் மீட்டர் தனியா, பொதுவா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட் கட்டணமும் கூடும். இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் இரண்டு வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். 100 யூனிட் சலுகையும் ஒரு தடவைதான். தனி மீட்டர் இருக்கிற வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் மொத்தத்தில் மலிவாக வரலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் இணைப்பா, போர்வெல்லா, லாரியா? மே மாதத்தில் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேளுங்க, புரோக்கரிடம் கேட்காதீங்க.

மழைத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தரைத்தளம் எடுக்காதீங்க. அக்கா பார்த்த ஒரு வீடு, புதுசா பெயின்ட் அடித்து அழகா இருந்தது. தெருமுனைப் பெட்டிக்கடை அம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தோம். "2015-ல கட்டில் வரைக்கும், 2023 டிசம்பர்ல ரெண்டு படி வரைக்கும்" என்று கையாலேயே அளந்து காட்டினாங்க. அந்த வீட்டை விட்டுட்டு இரண்டு தெரு தள்ளி முதல் மாடியில் எடுத்தாங்க.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கா? தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். இதற்கென்று தனி இணையதளமும் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது பொது விதி. இரண்டு பேரும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அது விதிவிலக்கு. அதனால்தான் கையெழுத்துப் போடும் முன்னாடி படிங்க என்று சொல்றேன். தகராறு வந்தாலும் தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

வாடகை இல்லாமல் சொந்தமாக வாங்கப் போறவங்க பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கச் சான்றையும் போனிலேயே பார்க்கலாம். அடுக்குமாடித் திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்க. ஆனால் ஒரு வேண்டுகோள்: புது ஊரில் முடிந்தால் முதல் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க. பள்ளியும் வழியும் ஒத்து வருகிறதா என்று தெரிந்தபிறகு கடன் வாங்கலாம்.

மூன்றாவது வழி: திங்கட்கிழமை காலையில் ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்து, "அரை மணி நேரம்தான்" என்று முடிவு பண்ணுவது நாம எல்லாரும் செய்கிற தப்பு. அக்கா வீடும் அப்படித்தான் முடிவானது. திங்கட்கிழமை காலை, நீங்க உண்மையிலேயே கிளம்பப் போகிற நேரத்தில், உண்மையிலேயே போகப் போகிற வண்டியில் ஒரு தடவை போய்ப் பாருங்க. நேரில் போக முடியாதவங்க மேப் ஆப்பில் புறப்படும் நேரத்தைத் திங்கள் காலை எட்டு மணி என்று மாற்றி வைத்துப் பாருங்க. காட்டுகிற நேரத்தோடு இருபது நிமிஷம் சேர்த்துக்கோங்க.

சென்னையில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்டு ஒரே க்யூஆர் டிக்கெட்டில் பயணிக்க 'சென்னை ஒன்று' செயலி 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது. வீடு முடிவு பண்ணும் முன்னாடியே அதில் உங்க வழியைப் போட்டுப் பாருங்க. எத்தனை தடவை மாறணும் என்பது தெரிந்துவிடும். ஒரே வண்டியில் ஒரு மணி நேரம் போவதும், மூன்று வண்டி மாறி ஒரு மணி நேரம் போவதும் உடம்புக்கு ஒன்று கிடையாது.

வேலைக்குப் போகிற பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்க. 2021 மே முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பஸ் இருக்கா என்பதோடு நிறுத்தாதீங்க; கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இறங்கி நடக்கிற வழியில் விளக்கு எரியுதா என்பதையும் ராத்திரி ஒரு தடவை போய்ப் பார்த்துடுங்க.

"மெட்ரோ வரப் போகுது சார்" என்று சொல்லி வாடகை கூடக் கேட்பாங்க. சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடங்களில் நடக்கிறது, வந்தால் நல்லதுதான். ஆனால் உங்க பொண்ணுக்கு நாளைக்குக் காலையில் ஸ்கூல். இன்றைக்கு ஓடுகிற வண்டியை வைத்து முடிவு பண்ணுங்க.

தாளில் என்ன எழுதணும்?

இடது பக்கம் மூன்று ஊர் பெயர். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு விஷயம்: பள்ளி வரைக்கும் எத்தனை நிமிஷம், வேலைக்கு எத்தனை நிமிஷம், எல்லாம் சேர்த்து மாதச் செலவு எவ்வளவு, மாதத்தில் பயணத்துக்குப் போகிற மணி நேரம் எவ்வளவு. வீட்டில் பெரியவங்க மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றால் அது ஐந்தாவது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் மட்டும் இதை நிரப்பக் கூடாது. எல்லாரும் உட்கார்ந்து எழுதுங்க. ஏழாம் வகுப்புப் பொண்ணுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

கோயம்புத்தூர், ஓசூர், திருப்பூர் எங்கே போனாலும் இந்தத் தாள் பொருந்தும். ஊர் பெயரும் ரூபாயும்தான் மாறும்.

குடிபோன பிறகு தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியது: ஆதார் முகவரி, ரேஷன் கார்டு முகவரி, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, கேஸ், வங்கி. பெரும்பாலானவற்றைப் போனிலேயே செய்யலாம். முடியாதவங்க பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போகலாம். அரசுச் சேவையில் தாமதம், குறை ஏதாவது இருந்தால் 1100 எண்ணில் சொல்லலாம்.

அக்கா இப்போ கொரட்டூரில்தான் இருக்காங்க. வீடு முன்னதை விடச் சின்னது. துணி காயப்போட இடம் போதவில்லை என்று இன்றைக்கும் புலம்புவாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போகணும் என்றால் கிளாம்பாக்கம் போய்ச் சேரவே பாதி உயிர் போகுது என்று அத்தான் சொல்வார். ஆனால் அவர் ஆறரை மணிக்கு வீட்டில் இருக்கார். அக்கா வில்லிவாக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு பார்க்கிறாங்க. வாடகையில் கூடின 4,000 ரூபாயை விட அதிகமாகவே அதில் வருகிறது. பெரியவள் அரசுப் பள்ளியிலேயே எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கா. டாக்டர் ஆவாளா, வேறு ஏதாவது ஆவாளா தெரியாது. அந்த வாய்ப்பு அவ கையில் இன்னும் இருக்கு.

நீங்களும் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முந்தின ராத்திரி அந்தத் தாளை ஒரு தடவை எழுதிப் பாருங்க. அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.